கீரை டீச்சரும் குட்டி டீச்சரும்

மார்ச் 3, ஞாயிறு

பிரார்த்தனை, வீட்டுக் கணக்கு இரண்டும் முடிந்தன. இன்றைய வரவு: பருப்புக்கீரை ஒரு பை, புளியாரை கொஞ்சம், குப்பைக்கீரை இளசாக ஒரு கட்டு. மழைக்குப் பிறகு வாய்க்கால் ஓரம் பச்சைப் பசேல் என்று கிடக்கிறது.

நூலகத்து அம்மா இன்று எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கீரை நடைக்கு வந்திருந்தார். மாதக் கடைசியில் நூலகம் சார்பில் ஊருக்கே பொதுவாக ஒரு நடை வைக்கப்போகிறார்களாம். தானாக முளைக்கிற செடிகளில் எதைச் சாப்பிடலாம், எது கூடாது என்று காட்ட ஓர் ஆள் வேண்டும். வாசல் பலகையில் பெயர் எழுதுவார்கள். “யாருன்னு வேற சொல்லணுமா?” என்று என் தோழி தையல்காரி என் விலாவில் இடித்தாள். எனக்கு உள்ளுக்குள் தித்தித்தது. எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. அந்த நூலகத்துப் புத்தகங்களை எடுத்துவந்து, இலையை வரைந்து பார்த்து, நானாகக் கற்றுக்கொண்டது இது. கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு என் பெயரை எவரும் எங்கும் எழுதியதில்லை.

நூலகத்து அம்மா பிடி கொடுக்கவில்லை. “ரெண்டு வாரம் கூட வந்து பாத்துட்டுச் சொல்றேனே” என்றார். அவர் கண் என் ஓரகத்தியின் மேல் இருந்தது.

ஓரகத்தி, அதாவது என் கொழுந்தன் மனைவி, கீழ்வீட்டுக்குக் குடிவந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. பருப்புக்கீரைக்கும் பால்செடிக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுத்ததே நான்தான். இரண்டும் தரையோடு படரும். இரண்டுக்கும் சிவந்த தண்டு, குட்டி இலை. கிள்ளினால் பருப்புக்கீரையில் தண்ணீர் கசியும், மற்றதில் வெள்ளையாகப் பால் வரும். பால் வந்தால் தொடாதே, வயிற்றைப் புரட்டிவிடும். இதையே அவள் ராகம் போட்டுப் பாடிக் காட்டுகிறாள், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. நான் இத்தனை வருஷம் சொன்னபோது தலையைத்தான் ஆட்டினார்கள்.

சிரிக்க இது என்ன நாடகமா?

மார்ச் 5, செவ்வாய்

என்னைக் கீரை டீச்சர் என்பார்கள். இப்போது அவளுக்குக் ‘குட்டி டீச்சர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். தையல்காரிதான் வந்து சொன்னாள், என்னவோ நல்ல சேதி மாதிரி.

மார்ச் 7, வியாழன்

பால்கனியில் துணி உலர்த்தும்போது பார்த்தேன். தையல்காரியும் அவளும் கையில் பையோடு வாய்க்கால் பக்கம் போகிறார்கள். வியாழக்கிழமை! மாடி ஏறி என்னை ஒரு வார்த்தை கூப்பிட முடியாதா?

சாயங்காலம் ரவிக்கை வாங்கப் போனபோது, ஒன்றும் தெரியாதவள் போல, “கடைய மூடிட்டு எங்க போயிருந்தே?” என்று கேட்டேன்.

“சும்மா காலாற நடந்துட்டு வந்தோம். உனக்கு வீட்டுல வேலை இருக்குமேன்னு…”

“எனக்கு என்னைக்கு வேலை இல்லாம இருந்துச்சு?”

“அதத்தாண்டி நானும் சொல்றேன்” என்று ஊசியில் நூல் கோத்தாள்.

ரவிக்கை சரியாகத்தான் இருக்கிறது. தோளில் பிடிக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

வேலியோரத்தில் நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள், “தொய்யக்கீரை!” என்று அவள் கத்திவிட்டாள். சரியாகத்தான் சொன்னாள். பூங்கொத்து நீளமாக, இளஞ்சிவப்பாக. நான் கற்றுக்கொள்ள ஒரு மழைக்காலம் முழுக்க ஆன செடி. நூலகத்து அம்மா, “அட, பரவாயில்லையே!” என்று அவள் முதுகில் தட்டினார்.

ராத்திரி சாப்பிடும்போது இவரும் ஆரம்பித்தார். “தம்பி பொண்டாட்டிக்கு நல்ல கண்ணு.”

“எனக்கு மட்டும் புண்ணா?”

“நான் எப்ப அப்படிச் சொன்னேன்?”

“கீரை வேணுமா, போதுமா?”

“போதும்” என்றார். என் குரலைக் கேட்டுத்தான் அவருக்கு வயிறு நிறைந்திருக்க வேண்டும்.

மார்ச் 12, செவ்வாய்

கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவன் பெயரைச் சொல்கிறேன். நடுவில் அவள் சிரிப்பு கேட்கிறது. அவள் சிரிப்பது கீழ்வீட்டில், நிஜமாகவே. ஜன்னலைச் சாத்தினேன்.

மார்ச் 17, ஞாயிறு

இன்று ஜெயித்தேன். வரிசையாக எழுதுகிறேன்.

இன்றைய நடைக்குப் புதிதாக மூன்று பேர் வருவதாக நேற்றே சொல்லியிருந்தார்கள். அதனால் இன்று காலை முதல் வேலையாக அவர்களுக்குப் பால்செடி பாடம். பாலத்தடியில் படர்ந்திருந்ததைக் கிள்ளிக் கிள்ளிக் காட்டினேன். அவரவர் கண்ணால் பால் வருவதைப் பார்க்க வேண்டும் அல்லவா? நூலகத்து அம்மாவும் குனிந்து பார்த்தார்.

பிறகு பழைய கிடங்குச் சுவர் ஓரம். ஓரகத்தி ஜல்லிக்குள் கையை விட்டு ஒரு பிடி பறித்து, “பருப்புக்கீரை இங்க மெத்தை மாதிரி கெடக்கு, வாங்க வாங்க!” என்று எல்லாரையும் கூப்பிட்டாள். தையல்காரி முதல் ஆளாக ஓடினாள். எல்லாரும் பறித்துப் பைகளை நிரப்பினார்கள். என்னிடம் ஒருவரும் காட்டவில்லை.

எனக்கு அது பார்க்கவே சரியாகப் படவில்லை. சின்ன இலை, மெலிந்த தண்டு, மேலெல்லாம் தூசி. அவள் கையிலிருந்து ஒன்றை வாங்கிக் கிள்ளினேன். விரலில் வெள்ளை!

“எல்லாரும் கீழ போடுங்க! பால்செடி இது!”

விரலைத் தூக்கிக் காட்டினேன். அப்புறம் ஒவ்வொரு பையாகச் சாக்கடையில் கவிழ்ந்தது. ஓரகத்தியின் முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ அக்கா… முந்தாநாள் இங்கேருந்துதான் பறிச்சேன். பிள்ளைங்களுக்கு வதக்கிக் குடுத்தேனே!”

“வயிறு வலிச்சுதா அதுங்களுக்கு?”

“இல்லக்கா.”

“அப்ப உன் நல்ல நேரம்” என்றேன்.

நூலகத்து அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க இல்லேன்னா என்ன ஆயிருக்கும்? மாசக் கடைசி நடைய நீங்கதான் நடத்தணும்.” திரும்பும் வழியெல்லாம் தையல்காரி என் பக்கத்திலேயே வந்தாள். ஓரகத்தி கடைசியில், தனியாக.

பாவம் என்று தோன்றியது. கொஞ்சம்தான்.

மார்ச் 18, திங்கள்

அந்தச் செடியில் ஒரு பிடியைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்திருந்தேன். நடையன்று காட்ட நல்ல சாட்சி. பாத்திரம் கழுவி முடித்த ஈரக்கையோடு எடுத்துப் பார்த்தேன். தூசி போக அலசினேன். தண்டு உருண்டையாக, சதைப்பற்றாக இருந்தது. கிள்ளினேன். தண்ணீர்.

இன்னொன்று. தண்ணீர். ஒரு பிடியையும் கிள்ளி முடித்துவிட்டேன். ஒன்றில்கூடப் பால் இல்லை. ஜல்லியில் வளர்ந்து சூம்பிப்போன, சுத்தமான பருப்புக்கீரை.

அப்படியானால் நேற்று என் விரலில் இருந்தது?

பாலத்தடியில் அத்தனை பால்செடியைக் கிள்ளிய கை. கழுவவே இல்லை. ஒட்டிக் காய்ந்திருந்த பால், கீரைத் தண்ணீர் பட்டதும் மறுபடி வெளுத்திருக்கிறது. தண்டைப் பார்த்தேனா நான்? இல்லை. என் பெருவிரலைப் பார்த்தேன். அதில் எனக்கு வேண்டியது இருந்தது.

கிள்ளிய அத்தனையையும் குப்பைக்கூடையில், முட்டை ஓட்டுக்கு அடியில் தள்ளினேன். யாரிடமிருந்து மறைக்கிறேன்? இவர் அந்தக் கூடையை வாழ்நாளில் திறந்ததில்லை.

மார்ச் 19, செவ்வாய்

சொல்ல வேண்டுமா? யாருக்கும் ஒரு கெடுதலும் ஆகவில்லையே. நல்ல கீரை சாக்கடையில் போனது, அவ்வளவுதானே.

அவ்வளவுதானா? அந்தப் பிள்ளைகளின் முகத்தை அவள் ராத்திரியெல்லாம் பார்த்துக்கொண்டே கிடந்திருப்பாள்.

நடை முடிந்த பிறகு சொல்லலாம்.

இன்று பிரார்த்தனை வரவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன்.

மார்ச் 20, புதன்

ஓரகத்தி மேலே வந்தாள். இரவல் வாங்கிய தேங்காய்த் துருவியைக் கொடுக்க என்றாள். கொடுத்துவிட்டும் போகாமல் சமையலறை வாசலில் நின்றாள்.

“நடைக்கு எத்தனை பேர் வர்றாங்கக்கா?”

“தெரியல. நீ வருவே இல்ல?”

“வராம? கை தட்ட ஆள் வேண்டாமா?” என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் பயமே இல்லை. அதுதான் என்னை உறுத்தியது. பிள்ளைகளுக்கு விஷத்தைக் கொடுத்துவிட்டோம் என்று நம்புகிறவள் இப்படிச் சிரிப்பாளா? “பிள்ளைங்க நல்லா இருக்காங்களா?” என்று கேட்டேன்.

“நல்லா இருக்காங்க.” தரையைப் பார்த்தாள். “ஞாயித்துக்கிழமையே பையில ஒட்டியிருந்த ஒண்ண எடுத்துக் கிள்ளிப் பாத்துட்டேன்கா.”

“பாத்துட்டு?”

“பாத்துட்டு… சரி, விடுங்க.”

“ஏன் சொல்லல? நாலு பேருக்கும் போன் பண்ணிச் சொல்லவேண்டியதுதானே?”

“எப்படிக்கா சொல்றது? நீங்க எனக்குச் சொல்லிக்குடுத்தவங்க. அத்தனை பேர் முன்னாடி உங்க முகம் என்ன ஆகும்?”

போய்விட்டாள்.

உடம்பெல்லாம் எரிகிறது. மூன்று நாளாகத் தெரியும் அவளுக்கு! கீழே உட்கார்ந்துகொண்டு எனக்குப் பிச்சை போட்டிருக்கிறாள். கண் அவளுக்கு, குரல் அவளுக்கு, சிரிப்பு அவளுக்கு, தையல்காரியும் அவளுக்கு. நல்ல மனசாவது எனக்கு இருக்கட்டும் என்று நினைத்திருந்தேனே. அதிலும் முந்திவிட்டாள். பிரார்த்தனை செய்வது நான். புண்ணியம் சேர்வது கீழ்வீட்டில்.

மார்ச் 21, வியாழன்

அவள் போட்ட பிச்சையில் நான் டீச்சராக நிற்க மாட்டேன். நிற்கவே மாட்டேன்.

மார்ச் 24, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அதே கிடங்குச் சுவர் ஓரம், எல்லாரையும் நிறுத்தி வைத்து. போன வாரம் கொட்டவைத்தது நல்ல கீரை, தப்பு என் கையில் இருந்தது, குட்டி டீச்சர் சொன்னதுதான் சரி என்று. ‘குட்டி டீச்சர்’ என்று என் வாயால் அதுவரை சொன்னதே இல்லை. சொன்னேன்.

மனசாட்சி உறுத்திச் சொன்னதாக அவர்கள் நினைக்கிறார்கள். ஆண்டவனுக்குத் தெரியும், பாதிக்கு மேல் பொறாமைதான். நல்லவள் பட்டத்தை அவளிடம் மொத்தமாக விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

தையல்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “அடிப்பாவி! ஒரு பை நிறைய பறிச்சேன்டி, எனக்கு இடுப்பு போச்சு!” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்து அவர்கள் சிரித்தது இதுதான் முதல் தடவை. ஓரகத்தி மட்டும் சிரிக்கவில்லை. “ஏன்கா…” என்றாள் மெதுவாக.

நூலகத்து அம்மா கடைசியில் தனியாகக் கூப்பிட்டார். “நீங்க சொன்னது பெரிய விஷயம். ஆனா…”

“அவளே நடத்தட்டும்” என்று நானே முடித்துவிட்டேன். அவர் ‘இல்லையில்லை’ என்பார் என்று எதிர்பார்த்தேனோ? ரொம்ப நன்றி என்றார்.

மார்ச் 27, புதன்

நூலகத்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாசல் பலகையில் அவள் பெயர், பச்சைச் சுண்ணக்கட்டியில். எழுத்துக்குப் பக்கத்தில் ஓர் இலை வரைந்திருந்தார்கள். எந்தச் செடியின் இலையும் அப்படி இருக்காது.

திருத்தலாமா என்று கை துடித்தது. வந்துவிட்டேன்.

மார்ச் 31, ஞாயிறு

கிளம்ப வேண்டிய நேரத்துக்குக் கொழுந்தன் ஓடிவந்தார். “அண்ணி, கொஞ்சம் கீழ வாங்க. அவ ரூமை விட்டு வரமாட்டேங்குறா.”

கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் மட்டும் செருப்பு. காலையிலிருந்து இரண்டு தடவை வாந்தியாம். “வாய்க்கால்கிட்ட அவ்வளவு கூட்டம் நிக்குதாம்கா. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வரல. பருப்புக்கீரைக்கு எத்தனை இதழ்னு கேட்டா? நீங்க போய்ப் பேசிடுங்கக்கா. நான் காய்ச்சல்னு படுத்துக்கிறேன். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

உண்மைதான். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் நல்ல புடவைதான் கட்டியிருந்தேன். எதற்குக் கட்டினேன் என்று இப்போது எழுதும்போதுதான் யோசிக்கிறேன். வாய் வரைக்கும் வந்தது ‘சரி’ என்ற சொல். வந்து நின்றது.

கட்டிலுக்கு அடியில் கையை விட்டு இன்னொரு செருப்பைத் தேடி எடுத்தேன்.

“அஞ்சு இதழ். மஞ்சள். வெயில் ஏறினாத்தான் விரியும். யாராவது கேட்டா அந்தப் பாட்டைப் பாடு, சிரிச்சுக்கிட்டே மறந்துடுவாங்க. எழுந்திரு, வாயைக் கொப்பளி.”

நன்றாக நடத்தினாள். முதல் செடியில் குரல் நடுங்கியது, மூன்றாவதில் கூட்டம் அவள் கைக்குள் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவை அவர்கள் சிரித்தபோதும் எனக்குள் ஒரு கிள்ளு. இல்லை என்று எழுதினால் பொய். ஒரு செடியைப் பேர் மாற்றிச் சொன்னாள். நான் தலையை லேசாக ஆட்டினேன், திருத்திக்கொண்டாள். வேறு யாரும் கவனிக்கவில்லை.

நான் கடைசி வரிசையில் வந்தேன். பக்கத்தில் நடந்த புது அம்மாள், தொப்பி போட்டவள், என்னிடம் சிநேகமாகக் கேட்டாள்: “நீங்களும் முதல் தடவையா?”

“பின்னால வர்றது முதல் தடவை” என்றேன்.