முப்பது நாள் மாதம்

பதிவு 1 | பயண நாள் 3592 | 09:10
எழுதுபவர்: செலின் மச்சாடோ, மென்பொருள் பொறியாளர், 'நெய்தல்' விண்கலம். கண்டெடுப்பவர் முதலிலிருந்து படிக்கவும்.

உறக்கப் பேழையிலிருந்து காலையில் வெளியே வந்தேன். இடது கால் மரத்திருக்கிறது, மற்றபடி நலம். கலத்தில் மூன்று பேர். எந்திரப் பொறியாளர் சதக் இரண்டாம் பேழையிலும், தலைவர் பரஞ்சோதி முதல் பேழையிலும் உறங்குகிறார்கள். டைட்டன் நிலையத்துக்கு இன்னும் அறுபது நாள். அங்கே ஆளில்லை, நாங்கள்தான் முதல். இட்லி என்று எழுதியிருந்த பொட்டலத்தைப் பிரித்தேன். பத்து வருடத்துக்கு முன்பும் அது இட்லியாக இருந்திருக்காது.

பதிவு 2 | நாள் 3592 | 14:35
சதக்கின் ஊட்டத் தொட்டியில் எட்டு நாளுக்கான திரவம்தான் இருக்கிறது. மூன்று முறை அளந்தேன். கசிவு இல்லை. நிரப்பும்போதே குறைவாக நிரப்பியிருக்கிறார்கள்.

காரணம் எனக்குத் தெரியும். இந்தக் கலத்தின் மென்பொருளில் எண்களுக்குக் காலக் கணக்கு கற்றுக்கொடுத்தவள் நான். 3.நாள் என்று எழுதினால் அந்த 3 தன்னைத் தானே விநாடிகளாக்கிக்கொள்ளும். 3.நாள்.கழித்து என்றால் தேதியே வந்துவிடும். மாதத்தை மட்டும் அப்படி விடவில்லை. எந்தத் தேதியிலிருந்து என்று சொல்லாவிட்டால் என் எண்கள் மாதத்துக்கு விடை தராது. பிப்ரவரியும் மார்ச்சும் ஒன்றா என்ன?

பரஞ்சோதிக்கு அது பிடிக்கவில்லை. மாதம் என்றால் முப்பது நாள், சுருக்கமாக இருக்கட்டும் என்றார். பத்து வருடத்தில் ஐம்பத்திரண்டு நாள் காணாமல் போகும் என்று கூட்டத்தில் எல்லோர் முன்பும் சொன்னேன். சிரித்தார். அவர் சிரித்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள், சதக்கைத் தவிர.

எண்களுக்கு இரண்டு கோப்புகள் ஒரே பாடத்தை வேறு விதமாகச் சொல்லிக்கொடுத்தால், கடைசியாக ஏற்றியது சொல்வதுதான் செல்லும். எங்கள் தொழிலில் முதல் வாரமே படிக்கும் விஷயம் இது. புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது, என் கோப்புக்குப் பின்னால் தன் கோப்பை ஏற்றியிருக்கிறார் மனிதர். ஒருவரிடமும் சொல்லவில்லை. தொட்டி நிரப்பியவர்கள் 120.மாதம் என்று கேட்டிருக்கிறார்கள். 3600 நாள் என்று விடை வந்திருக்கிறது. அந்த அளவுக்கு நிரப்பிவிட்டார்கள்.

பதிவு 3 | நாள் 3592 | 18:00
உறங்குபவரை எழுப்பப் பதினான்கு நாள் ஆகும். அதுவரை திரவம் வேண்டும். சதக்குக்கு எட்டு இருக்கிறது, ஆறு குறைகிறது. பரஞ்சோதியின் தொட்டியில் நூற்றெட்டு நாளுக்கு இருக்கிறது. அவருக்கு அறுபது போதும். என் தொட்டி காலி, நான் வெளியே வரும் நாள் வரைக்குமே நிரப்பியது. இரண்டு தொட்டிகளுக்கும் நடுவே வால்வு உண்டு. அது அவருடைய சாவி எண்ணுக்கோ பூமியின் சாவி எண்ணுக்கோதான் திறக்கும். உடைத்தால் இரண்டுமே போய்விடும்.

சாவி கேட்டுப் பூமிக்குச் செய்தி அனுப்பினேன். போய்ச் சேர எண்பது நிமிடம். எட்டு நாளுக்குள் தராமலா இருப்பார்கள்? சதக்கை எழுப்பத் தொடங்கிவிட்டேன்.

பதிவு 4 | நாள் 3594 | 11:20
எழுப்பும்போது மனம் இரண்டாம் நாளே விழித்துவிடும். உடம்பு கடைசியில்தான் அசையும். சதக்குக்கு இப்போது காது கேட்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், இதயத்துடிப்பு ஏறியது. புறப்படுமுன் பதினொரு வருடம் என் பக்கத்து மேசைக்காரன். ஒன்றுமில்லை, சும்மா படுத்திரு என்றேன்.

பூமியிலிருந்து, கட்டுப்பாட்டு அறை மங்களேஸ்வரி: "செலின், பதட்டப்படாதீங்க. இங்க கணக்குல சதக்கோட தொட்டி சரியாத்தான் காட்டுது. உங்க மீட்டர்தான் பழுதாயிருக்கும். தலைவர் தொட்டியில கை வைக்கணும்னா கமிட்டி கூடணும்."

அங்கே ஓடுவதும் அதே கோப்புதான். அது வேறு என்ன காட்டும்?

பதிவு 5 | நாள் 3599 | 20:45
ஏழு நாளில் பதினாறு செய்தி அனுப்பினேன். கமிட்டி இரண்டு முறை ஒத்திப்போட்டது. சதக்கின் துடிப்பு 140-இல் நிற்கிறது. நான் சொல்வது பொய் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. என் குரலைப் பதினொரு வருடம் கேட்டவன். கண்ணாடிமேல் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

பதிவு 6 | நாள் 3600 | 13:05
09:10-க்குச் சதக் இறந்தான். ஆறு நாள் விழித்தே கிடந்து, எல்லாம் கேட்டுக்கொண்டு.

11:52-க்குச் செய்தி: "கமிட்டி ஒத்துக்கிச்சு. சாவி அனுப்பியிருக்கோம். ஆறு நாளைக்கு மட்டும் எடுத்துக்கோங்க."

பதிவு 7 | நாள் 3603 | 16:30
பரஞ்சோதியின் கோப்பை வரி வரியாகப் படித்தேன். அடியில் தன் உதவியாளருக்கு ஒரு குறிப்பு விட்டிருக்கிறார். அழிக்க மறந்திருக்கிறார். அப்படியே எழுதுகிறேன்:

"செலின் சொன்னது சரிதான். இப்போது திருத்தினால் புறப்பாடு தள்ளிப்போகும். என் தொட்டிக்கு மட்டும் நூறு நாள் கூட்டிவிடவும்."

தெரிந்திருக்கிறது. தெரிந்தே தன் தொட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார். பாவி. இவரைச் சும்மா விட மாட்டேன்.

பதிவு 8 | நாள் 3604 | 08:00
கொல்வது ஒரு நிமிட வேலை. சாவிகூட என்னிடம் இருக்கிறது. ஆனால் கொன்றால் அவருக்கு ஒன்றும் தெரியாது, உறக்கத்திலேயே போய்விடுவார். சதக்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

புதிய கோப்பு எழுதினேன். நான்கே வரி. முதல் பேழைக்குள் மட்டும் எண்களுக்கு வேறு பாடம். அங்கே 1.நாள் என்று கேட்டால் ஒரு வருடத்தின் விநாடிகள் விடையாக வரும். கடைசியாக ஏற்றினேன். பிறகு விதிப்படி, 14.நாள் என்று பணித்து, தலைவரை எழுப்பத் தொடங்கினேன்.

பதிவு 9 | நாள் 3655 | 17:15
தரையிறங்கி மூன்று நாளாகிறது. நிலையத்தில் முப்பது வருடத்துக்குத் திரவம் இருக்கிறது. முதல் பேழையை அதோடு இணைத்துவிட்டேன். ஒரு சொட்டுக்கூடக் குறையாது.

பூமியிலிருந்து திருத்தக் கோப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் என்னுடையதை மறுபடி ஏற்றுகிறேன்.

மங்களேஸ்வரி: "செலின், தெரிஞ்சேதான் செய்றீங்களா? அவருக்கும் வீட்ல ஆளுங்க இருக்காங்கம்மா."

என் பதில்: "பதினாலு நாள்தான், மேடம். உங்க கமிட்டியக் கூட்டிப் பேசுங்க."

பதிவு 10 | நாள் 3971 | நேரம் பார்க்கவில்லை
இரண்டாம் நாள் பிறந்துவிட்டது, அவருடைய கணக்கில். மூளை அலை முழுதாக விழித்திருக்கிறது. இன்னும் பதின்மூன்று வருடம் ஒரு விரல்கூட அசையாது.

சதக்குக்கு இது பிடித்திருக்காது. தெரியும். விட்டுடு செலின் என்றிருப்பான். அவன் நல்லவன். நான் அவனல்ல.

அடுத்த கலம் வரப் பதினைந்து வருடம் ஆகும்.

பேழைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டேன். இந்தப் பதிவுகளை உரக்கப் படித்தேன். எட்டாம் பதிவு வரைக்கும், நிறுத்தி நிறுத்தி. பதினான்கு நாள் என்றால் எவ்வளவு என்று அவருக்குப் புரிய வேண்டும் அல்லவா, அந்த இடத்தை இரண்டு தரம் படித்தேன்.

துடிப்பு 58. பிறகு 90. பிறகு 151.

கேட்கிறது.