பரிந்துரைக் கடிதமும் மூன்று பைகளும்

தாராவி, மும்பை
ஜனவரி 28

அன்பு மகள் அஃப்ஷாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உன் உம்மாவின் முழங்காலைத் தவிர எல்லாரும் எல்லாமும் நலம். உன் நலத்துக்கும், அந்த அயர்லாந்துக் குளிரில் உன் காதுகளின் நலத்துக்கும் ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். மற்றதைச் சொல்வதற்கு முன் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உன் ஆராய்ச்சிப் படிப்புக்குக் கணேசபாண்டியன் சார் தர வேண்டிய பரிந்துரைக் கடிதத்தை எழுதியது அவர் இல்லை, நான். பி.காம். இரண்டாம் வருஷத்தோடு கல்லூரிக்கு சலாம் போட்டுவிட்டுத் தோல் பை தைக்கப் போன உன் வாப்பாதான். இதைப் போனில் சொல்ல முடியாது. உன் உம்மா ஸ்பீக்கரில் போடாமல் பேசமாட்டாள், ஸ்பீக்கரில் போட்டால் விக்ரோலியில் இருக்கிற உன் மாமிக்குச் சாயங்காலமே செய்தி போய்விடும். அதனால்தான் வெள்ளிக்கிழமை டப்ளினுக்கு நர்ஸ் வேலைக்குக் கிளம்புகிற உன் சிநேகிதி அஸ்ரினிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

குற்றத்தில் பாதி என்னுடையது என்றால் மீதி உன் பல்கலைக்கழகத்துடையது. நீ அனுப்பிய தகுதிப் பட்டியலை மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் ரத்தக்கொதிப்பு மாத்திரை போட்டேன். எம்.எஸ்ஸி.யில் முதல் வகுப்பு கேட்கிறார்கள், நியாயம், வைத்திருக்கிறாய். ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கிலீஷிலேயே படித்து, இப்போது அவர்கள் ஊரிலேயே அவர்களோடு இங்கிலீஷில் சண்டை போட்டு வாழ்கிறவளுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று பரீட்சை எழுதிச் சான்று வாங்க வேண்டுமாம், முன்பு வாங்கிய சான்று இரண்டு வருஷத்தில் காலாவதியாகிவிட்டதாம். அது என்ன பால் பாக்கெட்டா. சேருவதற்கு முன்பே வழிகாட்டும் பேராசிரியரை நீயே தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டும், என்ன கண்டுபிடிக்கப் போகிறாய் என்று முன்கூட்டியே பத்துப் பக்கம் எழுத வேண்டும். தோல் கழிவுத் தண்ணீரில் இருக்கிற குரோமியத்தை எடுப்பது எப்படி என்று இப்போதே தெரிந்தால் அப்புறம் நாலு வருஷம் எதற்கு. இதெல்லாம் போதாதென்று இரண்டு பேர் சாட்சி. நிக்காஹில்கூட சாட்சிகள் எல்லார் முன்னாலும் உட்கார்ந்துதான் கையெழுத்துப் போடுவார்கள். இங்கே சாட்சி என்ன சொன்னார் என்று உனக்குக் காட்ட மாட்டார்கள், வந்து சேர்ந்ததா என்றும் சொல்ல மாட்டார்கள். அந்த ஆய்வகத்தில் இருப்பதோ ஒரே ஒரு இடம்.

உன் லேப் முதலாளி ஒரு சாட்சி சொல்லிவிட்டார். இன்னொருவர் எம்.எஸ்ஸி.யில் உனக்கு ப்ராஜெக்ட் பார்த்த கணேசபாண்டியன் சார், மெயிலுக்குப் பதிலே இல்லை, செம்பூர் வரை ஒரு எட்டு போய் ஞாபகப்படுத்துங்கள் வாப்பா என்று நீதான் சொன்னாய். சயானில் பஸ் பிடித்துப் போனேன். ரிட்டயர் ஆனாலும் சாருக்குத் தென்காசிப் பேச்சு போகவில்லை. விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், வேய், நீரு பைதான தைக்கீரு, இந்த ஜிப்பைக் கொஞ்சம் பாருமே என்று லேப்டாப் பையை மடியில் வைத்தார். மகள் காரியமாயிற்றே என்று வாங்கிவந்தேன். இரண்டாம் தடவை அவர் மனைவி சண்முகவடிவு அம்மாவின் கைப்பை, வார் அறுந்தது. மூன்றாம் தடவை ஒரு பயணப் பை, அதன் வயது உன் வயதைவிடக் கூட. உன் பல்கலைக்கழகப் பட்டியலில் ஜிப் மாற்றுவது எந்த எண்ணில் இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன், இல்லை. நாலாம் தடவை வாய்விட்டுக் கேட்டேன், சார், கடிதம் என்னாச்சு என்று. அவர் கேள்விகள் அச்சடித்த தாளை எடுத்து நீட்டி, கண்ணு மங்கலா இருக்கு வேய், நீரே எழுதிக் கொண்டாரும், மத்தத நான் பாத்துக்கிடுதேன் என்றார். நான் எழுதலாமா சார் என்றால், எல்லா எடத்திலயும் பிள்ளையளே எழுதிக்கிடுது, தகப்பன் எழுதுனா என்ன என்கிறார். முப்பது வருஷம் போர்டில் எழுதிய கைக்கு என் மகளைப் பற்றி நாலு வரி எழுத வலிக்கிறதா.

எழுத உட்கார்ந்தால் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் கடிதம் துபாய் கடைக்காரருக்குப் பை அனுப்பும்போது எழுதுவது ஒன்றுதான். ஆகவே நீ நல்ல ஃபினிஷிங் உள்ளவள் என்றும், மழையிலும் நிறம் மாறமாட்டாய் என்றும், எவ்வளவு சுமை ஏற்றினாலும் தையல் விடாது என்றும் எழுதியிருக்கிறேன். அதையாவது மன்னிப்பார்கள். அடுத்த கேள்விதான் என்னைக் கவிழ்த்தது. தாம் கற்பித்த மாணவர்களில் இவர் எந்த இடம், முதல் ஐந்து சதவீதமா, பத்தா, இருபத்தைந்தா, கட்டத்தில் குறி போடவும். பேனாவை முதல் கட்டத்துக்குக் கொண்டுபோனேன், கை வரவில்லை. நீ எட்டாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கியதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்த மறுநாள் உனக்கு டைபாய்டு வந்தது நினைவிருக்கிறதா, கண்ணூறு அன்றைக்கு என்னுடையதுதான் என்று உன் உம்மா இன்றுவரை சொல்கிறாள். மாஷா அல்லாஹ் சொல்லிக்கொண்டே பத்தில் போட்டேன். அதோடு நின்றிருக்கலாம். குறைகள் ஏதும் உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது, பிள்ளையின் கன்னத்தில் மை வைக்கிற மாதிரி இருக்கட்டுமே என்று, பசி வந்தால் கோபம் வரும், அந்நேரம் சொன்ன பேச்சு கேட்கமாட்டாள் என்று எழுதித் தொலைத்தேன். சார் அதைப் படிக்கக்கூட இல்லை. மேஜை டிராயரில் போட்டார், போய்ட்டு வாரும் என்றார். ஒரு பெண்ணின் நாலு வருஷத்தை அப்படி டிராயரில் போடுகிறவரை என்ன சொல்வது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எவளோ ஒருத்தி முதல் கட்டத்தில் உட்கார்ந்து உன் இடத்தைக் கொண்டுபோய்விட்டால் அது என் கை செய்த வேலை.

ஆகவே இதைப் படித்ததும், கடைசித் தேதியான பிப்ரவரி 10-க்குள் எம்.எஸ்ஸி.யில் உனக்குப் பாடம் எடுத்த பிரேமலதா மேடத்திடம் வேறு சாட்சி கேட்டு வாங்கு, அவர் வீட்டுப் பக்கம் நான் போகமாட்டேன் என்று சத்தியம் செய்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, ஏன் என்று மேலே எழுதியிருக்கிறேன். காதைக் கட்டிக்கொள். அஸ்ரினிடம் உம்மா கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாயில் பாதியை அவளுக்கே கொடு. அல்லாஹ் உன் கல்வியில் பரக்கத் செய்வானாக, உன்னை எல்லாக் கண்ணூறிலிருந்தும், முதலில் என்னுடையதிலிருந்து, காப்பானாக.

என்றும் உனக்காகத் துஆ செய்யும்
வாப்பா,
ஜெயினுலாப்தீன்

பி.கு: உறையை ஒட்டப்போகும்போது சண்முகவடிவு அம்மா போன் செய்து, வீட்டில் இன்னொரு பை இருக்கிறது என்றார்கள். கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டேன். உங்க தாள் டிராயர்லதான் கெடக்கு, அவரே மூணு பக்கம் எழுதி எப்பவோ அனுப்பிட்டாரே என்று பல்கலைக்கழகத்தின் பதில் மெயிலைப் படித்துக் காட்டினார்கள். அதில் தேதி ஜனவரி 9. நான் முதல் பையை வாங்கிவந்தது 12.