பக்க எண் இல்லாத வரி

செப்டெம்பர் 14, 2009, திங்கள்
இல்ஃபோர்டிலிருந்து லண்டன் நடுவுக்கு ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். பதிப்பகத்தில் மூன்றாவது மாதம். டிசம்பர் தாண்டினால் நிரந்தரம். எங்கட வீட்டில் பட்டம் எடுத்த முதல் ஆள். இன்னும் ஒரு கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை.

பதிப்பாசிரியர் ஹெலன் ஒரு கட்டுத் தாள் தந்தார். தென்னாபிரிக்காவில், டர்பனில் பிறந்த ரங்கசாமி மூட்லி தானே எழுதிய வாழ்க்கைக் கதை. நிறவெறி ஆட்சி முடிந்தபின், விடுதலைக்குப் போராடிய கட்சியில் சேர்ந்து துணை அமைச்சரானவர். புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு என் வேலை. பெயர், பக்க எண். பெயர், பக்க எண்.

அப்பாவுக்குப் பெருமை. "தமிழ் அமைச்சரோ? கவனமாச் செய் பிள்ளை."

செப்டெம்பர் 22
1984 முதல் 89 வரை ஒரே வரி: "என் சட்ட அலுவலகத்தோடு இருந்தேன்." ஐந்து வருடம். ஏன் எனக்கு உறுத்துது?

செப்டெம்பர் 26, சனி
கொலின்டேல் பத்திரிகை நூலகத்தில் பழைய டர்பன் பத்திரிகைகள். வெள்ளை அரசு இந்தியருக்கென்று ஒதுக்கிய அவையில், அந்த அரசோடு நின்ற கட்சிக்காக, அவசரநிலையை ஆதரித்துப் பேசுகிறார். படத்தில் மீசை கறுப்பு. அவரேதான்.

செப்டெம்பர் 27
அப்பாவிடம் சொன்னேன். ஊரில் போர் முடிந்த மே மாதத்துக்குப் பிறகு அவர் செய்தியே பார்ப்பதில்லை. "உன்ர வேலை நம்பர் போடுறது. அதைப் போடு." தேத்தண்ணியை அப்படியே விட்டிட்டு எழும்பிப் போனார்.

அப்பாவும் ஊரில் ஒரு இயக்கத்தை விட்டு இன்னொன்றுக்குப் போனவர் என்று அம்மா ஒருமுறை வாய்தவறிச் சொன்னா. பழைய இயக்கத்து யோகராஜா அங்கிளின் தெருமுனைக் கடைக்கு வீட்டில் அவர் மட்டும் போகாதது அதனால்தான்.

செப்டெம்பர் 29
ஹெலனிடம் சொல்ல இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் தண்ணி குடிச்சிட்டு வந்தேன்.

செப்டெம்பர் 30
சொல்லடைவை அனுப்பினேன். அதில் ஒரு வரி: "மூட்லி, ரங்கசாமி — இந்தியர் அவை உறுப்பினர், 1984–89." பக்க எண் இடம் வெறுமை.

என்ன செய்திட்டன்?

அக்டோபர் 1
"எந்தப் பக்கம்?" ஹெலன் கேட்டார். "பக்கம் இல்லை" என்றேன். பத்திரிகை நகலை மேசையில் வைத்தேன். அவர் கதவைச் சாத்தினார். "அடுத்த வியாழன் மூட்லி வருகிறார். நீயும் இரு."

அக்டோபர் 8
மூட்லி முதலில் திருப்பியதே சொல்லடைவைத்தான். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"யார் போட்டது?"

கையை உயர்த்தினேன், பள்ளிக்கூடத்தில் போல.

"எங்கள் பகுதிக்கு ரோட்டும் ஆஸ்பத்திரியும் கேட்கப் போனேன். உனக்கு விளங்காது. ஹெலன், இந்த வரியை நீக்குங்கள், இல்லையென்றால் புத்தகம் வேறு பதிப்பகத்துக்குப் போகும்." குரல் உயரவேயில்லை.

"கேட்கப் போனதையே எழுதலாமே, அங்கிள்."

அங்கிள்! அலுவலகத்தில்! கோப்பியைத் தொடாமல் போய்விட்டார்.

அக்டோபர் 12
நிரந்தரம் இல்லையாம். டிசம்பரோடு சரி. ஹெலன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அழேல்லை. ரயிலில்தான்.

டிசம்பர் 18, வெள்ளி
கடைசி நாள். மூட்லி திருத்தி அனுப்பிய பிரதியை ஹெலன் கையில் தந்தார். அந்த வரிக்கு எதிரே, மூட்லியின் சாய்ந்த கையெழுத்தில்: 131–139. அந்த அவைக்குப் போன கதை, ஒன்பது புதிய பக்கங்கள்.

வீட்டில் அப்பா "வாசி" என்றார். தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். முடிந்ததும் அப்பா கேட்டார்:

"பழைய சிநேகிதர் ஆரும் பிறகு அவரோட கதைச்சவையோ?"

"அது எழுதேல்லை அப்பா."

ஜக்கெற்றை எடுத்துப் போட்டார். பால் வாங்க வேணுமாம்.

பால் இருக்குது. ஜன்னலால் பார்த்தேன்: யோகராஜா அங்கிளின் கடைப்பக்கம்தான் திரும்பினார்.