இரண்டாவது வரி

தம்பிக்கு,

நோய்ப்பட்ட இதய வால்வுகளில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பதுதான் என் வேலை என்று உனக்குத் தெரியும். ஸ்கேன்கள் பெயரில்லாமல்தான் வரும். ஆனால் போன வாரம் வந்தது யாருடையது என்று எனக்குத் தெரிந்தது. அப்பாவை ஸ்கேனுக்கு அழைத்துப் போனதே நான்தான்.

வால்வில் சுண்ணாம்பு படிந்து, பென்சில் நுழையும் அளவுக்குத்தான் திறக்கிறது. நேற்று அப்பாவே லேபுக்கு வந்தார். திரையில் ரத்தம் பீறிட்டு ரத்தக்குழாயின் சுவரில் மோதுவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இவ்வளவு சின்னச் சந்துலயா இத்தனை நாள் ஓடிட்டு இருந்துச்சு?” என்றார். பிறகு, “அவன்கிட்ட சொன்னியா?”

“நீங்கதானேப்பா சொல்லக் கூடாதுன்னீங்க?”

“அது போன மாசம்மா.”

ஐந்து வருடத்தில் உன்னைப் பற்றி அவர் பேசியது இந்த இரண்டு தடவைதான்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வால்வை மாற்றுகிறார்கள். ஆஸ்பத்திரிப் படிவத்தில் கூட இருப்பவர்கள் இரண்டு பேரின் பெயரைக் கேட்டிருந்தார்கள். முதல் வரியில் என் பெயரை எழுதினார். அடுத்த வரிக்கு என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னேன். “அது அப்படியே இருக்கட்டும்” என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்தத் தாளை வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கொடுத்தால் போதுமாம்.

அக்கா