தம்பியின் இதயத்தில் இருந்த கதவு

திண்டிவனம், ஞாயிறு இரவு.

பல வருடங்களுக்கு முன் பஸ்ஸைப் பிடிக்க ஓடிய தம்பி கதிர் வழியிலேயே விழுந்து இறந்தான். இதயச் செல்களின் சவ்வில் கதவு மாதிரி திறந்து மூடும் புரதம் ஒன்று அவனுக்குப் பிறவியிலேயே பழுதாக இருந்தது. அதன் வடிவத்தைக் காணத்தான் ஆய்வகத்தில் இத்தனை வருடம் கிடந்தேன். இன்று ஊருக்கு வந்து, பழுதான இடத்தை லேப்டாப்பில் அம்மாவுக்குக் காட்டினேன்.

“அன்னிக்கு பஸ்ஸு போய்க்கினு இருக்குது, ஜல்தியா ஓடுடான்னு நான்தான் வெரட்டினேன். அதனால இல்லியா?”

“நீ வெரட்டலன்னாலும் என்னிக்காவது நடந்திருக்கும்மா.”

படத்தைத் தொட்டுத் தொட்டு அழுதாள். பிறகு, “நல்லவேளை, நீயாவது நல்லா இருக்கியே” என்றாள்.

அதே பழுது எனக்கும் இருக்கிறது. அவள் தூங்கிய பிறகுதான் மாத்திரையை விழுங்கினேன்.