ஆபீசருக்காக அடித்த சுண்ணாம்பு

மஞ்சூர்
ஐப்பசி 3

அன்பு மகள் வாசுகிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், ஓசூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க முருகன் துணை.

உன் அப்பா செய்த காரியத்தைப் போனில் சொன்னால் அவர் காதில் விழும், அதனால் எழுதுகிறேன். ஆடி மழையில் நம்ம லைன் வீடுகளுக்கு மேலே மண் சரிந்து நம்ம பின்சுவரில் வெடிப்பு விட்டது உனக்குத் தெரியும். வெடிப்பு விட்ட வீட்டுக்காரர்களுக்குக் கீழே சமமான இடத்தில் வேறு வீடு தருகிறார்களாம், போன வாரம் ஆபீசர் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. நான் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போன நேரத்தில் இந்த மனுஷன் சிமெண்டு குழைத்து வெடிப்பை அடைத்து, சுவர் முழுக்கச் சுண்ணாம்பும் அடித்து வைத்திருக்கிறார். கேட்டால், பெரிய ஆட்கள் வரும்போது லைன் சுத்தமாக இருக்க வேண்டாமா என்கிறார். சிலோனில் தோட்டத்துத் துரை வருகிற அன்றைக்கு இவர் அப்பா அப்படித்தான் அடிப்பாராம், இங்கே வேலையில் இருந்தவரை இவரும் அதையேதான் செய்தார். வந்த ஆபீசர் வீடு நன்றாக இருக்கிறதே என்று எழுதிக்கொண்டு போய்விட்டார், இவர் பல்லைக் காட்டிக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்! தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுத் தெய்வம்மா ஒட்டடைகூட அடிக்க மாட்டாள், அவள் பெயர் லிஸ்டில் இருக்கிறது. கடைசியில் நானே கடப்பாரையால் அந்தப் பூச்சைப் பெயர்த்தேன், முன்பு விரல் போன இடத்தில் இப்போது கையே போகிறது. ஆபீசுக்குப் போய்ச் சொன்னால் மழை முடிந்து வந்து பார்ப்பார்களாம். அதுவரை சுவர் நிற்க வேண்டாமா?

நீ வேறு கிளம்பி வா, கிளம்பி வா என்று உயிரை எடுக்காதே. எங்கே வருவது, ஒரு ரூமில் ஆறு பெண்கள் படுக்கிற உன் ஹாஸ்டலுக்கா? என் பெயர் எஸ்டேட் செக்ரோல் பதிவில் இருக்கிற வரைக்கும்தான் இந்த வீடு, வேலையை விட்டால் இதுவும் இல்லை. மழை பலத்தால் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுக்கிறோம், விடிந்ததும் வந்து அதே சுவருக்கு அடியில் உலை வைக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது.

தலைக்கு எண்ணெய் வை, ஷிப்டு முடிந்து தனியாக நடந்து வராதே. நோய்நொடி அண்டாமல் நீ மகராசியாக இருக்க வேண்டும். இந்தக் கவரில் உன் பத்தாவது மார்க் ஷீட்டும், தாத்தா சிலோனிலிருந்து வந்தபோது கொடுத்த கார்டும், நாம் மூன்று பேரும் எடுத்த அந்த ஒரே போட்டோவும் வைத்திருக்கிறேன். எல்லாம் அசல். பொங்கலுக்கு வரும்போது திருப்பிக் கொண்டு வராதே, உன்னிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா ஆண்டாயி