பூச்சில்லாத துண்டு

8.7.96 திங்கள்
தஞ்சாவூரில் காலையிலிருந்து பேய்க்காற்று. ஆய்வகம் முழுக்கத் தூசி. ஜன்னல் இடுக்குகளில் பேப்பர் ஒட்டினேன்.

குழாய்த் துண்டுகளுக்கு ஆல்புமின் பூச்சு முடிந்தது. பாலியூரித்தேன் பிளாஸ்டிக் மேல் இந்தப் புரதம் படிந்தால் ரத்தம் உறையாது, இதயத்துக்குள் வைக்கலாம். நாலு வருடமாக இதே பாட்டு. வியாழனுக்குள் கடைசிச் சோதனை முடிவு ஜெர்மனிக்குப் போக வேண்டும். போனால் அங்கே வேலை உறுதி.

வாங்க: விசா போட்டோ, பெட்டிக்குப் பூட்டு, அப்பாவுக்கு ஆரஞ்சு.

அப்பா திருக்காட்டுப்பள்ளியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார். ஆரம்பத்திலிருந்தே சோதனைக்குப் பெரும்பாலும் அவர் ரத்தம்தான். "எடு எடு, சும்மா ஓடிக்கிட்டுதான இருக்கு." ரத்தம் கொடுக்கும் மற்றவர்களிடம், இரண்டு வாரத்தில் மாத்திரை ஏதாவது போட்டீர்களா என்று கேட்பேன். அப்பாவிடம் கேட்பதே இல்லை.

அவருடைய சைக்கிள் கடை ஞாபகம். பஞ்சர் டியூபைத் தண்ணீரில் அழுத்துவார். குமிழி வரும் ஓட்டையை விரலால் அடைத்துக்கொள்வேன், எடுக்க மனம் வராது. அவரும் அவசரப்படுத்தாமல் காத்திருப்பார். அந்த மத்தியானங்கள் இப்போது வேண்டும்போல் இருக்கிறது.

9.7 செவ்வாய்
நுண்ணோக்கி. பூச்சு போட்ட துண்டில், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் அநேகமாக இல்லை! துள்ளினேன். அடுத்து, ஒப்பிட வைத்த பூச்சில்லாத துண்டு. அதுவும் சுத்தம். அதில் மொய்த்துக் கிடக்க வேண்டுமே.

பக்கத்து மேசை பாத்திமா எட்டிப் பார்த்தாள். "ஸ்டெல்லா, ரத்தம் குடுத்தவரு ஆஸ்பிரின் ஏதாச்சும் போட்டாரா? போட்டா தட்டணு ஒட்டாதே."

"சேச்சே. எங்கப்பா தலைவலிக்கே தைலம்தான்."

சொல்லிவிட்டேன். நாளைக்கு நேரில் கேட்டுவிட வேண்டும்.

10.7 புதன்
லீவு. ஊருக்குப் போனேன். பஸ்ஸில் பாஸ்போர்ட் பேச்சுதான். "மாப்ள துபாய்ல ஏசி மெக்கானிக்குங்க."

காலை பத்து மணிக்கு அப்பா படுத்திருந்தார். படுக்கிற ஆளே இல்லை. சட்டைப் பையில் ஜெபமாலை, மாத்திரை அட்டை. ஆஸ்பிரின். ஏழு காலி.

"எதுக்குப்பா இது?"

"நடந்தா நெஞ்சப் புடிக்குதும்மா. டாக்டரு தெனம் ஒண்ணு போடச் சொன்னாரு. நீ கெளம்புற நேரம், சொல்லிக்கிட்டு என்னத்துக்குன்னு..."

"ரத்தம் குடுக்கறப்பயாவது சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கலையேம்மா."

கோபம். அவர்மேல் இல்லை.

11.7 வியாழன்
ஃபேக்ஸ் அனுப்பிவிட்டேன். முடிவு செல்லாது, காரணம் ஆஸ்பிரின். அப்பாவுக்கு இதய வைத்தியம் பார்க்க வேண்டும், இப்போது வர முடியாது. வேலை எனக்காகக் காத்திருக்காது. தெரியும்.

ஊருக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "என்னால உன் வேல கெட்டுப்போச்சே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "அப்ப, நீ போகலையா?"

முகத்தில் சட்டென்று ஒரு சந்தோஷம். மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.